முதலில் காசு போகும் வழியைப் பாருங்கள்

இணைய ஏலம், இணையச் சந்தை, அவற்றில் நடக்கும் சுத்துமாத்து. ரொறன்ரோ பெரும்பாக வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஊரில் ஏலச்சீட்டுப் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இணைய ஏலத்துக்கு எங்களுக்குப் பாடம் தேவையா?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: ஏலச்சீட்டில் உங்களைக் காத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். கழிவு கூறிச் சீட்டை எடுத்தவரின் நாணயம் மட்டுமல்ல, நடுவில் சீட்டை நடத்தும் தாய்ச்சி ஒருவர் இருந்தார். அவர் வீடு எது, யாருக்கு மருமகன், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கணக்குப் பிசகினால் அவர் வாசலில் போய் நிற்கலாம். இணைய ஏலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஏலத்தளம். தளத்துக்குள்ளேயே காசு கட்டினால் முறையிட ஓர் இடம் உண்டு. வெளியே கட்டினால் நீங்கள் பிடிப்பது தாய்ச்சி இல்லாத சீட்டு.

ஆகவே சாமானின் படத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் காசு எந்த வழியால் போகிறது? பிழைத்தால் திருப்பிக் கேட்க அந்த வழியில் யார் நிற்கிறார்?

கேள்வி: இணைய ஏலத்தில் முதன்முதலாக விற்ற பொருள் எது?
— மார்க்கம் மாணவி

பதில்: 1995 செப்ரெம்பரில் பியர் ஒமிட்யார் தொடங்கிய 'ஆக்ஷன்வெப்' தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அங்கே முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் சுட்டி. விலை 14.83 டொலர். வாங்கியவர் ஒரு கனடாக்காரர். உடைந்தது என்று தெரியுமா என்று ஒமிட்யார் கேட்டார். தெரிந்தேதான் வாங்கியதாகப் பதில் வந்தது. உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்பது வியாபாரம். சொல்லாமல் விற்பது மோசடி. இந்தத் தொழிலின் முழு அறமும் அந்த முதல் விற்பனையிலேயே இருந்தது.

கேள்வி: விற்பவருக்கு நூற்றுக்கு நூறு நற்பெயர் காட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு அந்த நற்பெயரை வாசியுங்கள். வாங்கியவர்கள் கருத்து எழுதும் முறையை ஈபே 1996இல் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. கடந்த ஆறு மாதத்தில் அவர் என்ன விற்றார் என்று பாருங்கள். இதுவரை இரண்டு டொலர் தொலைபேசி உறை விற்றவர் இன்று இரண்டாயிரம் டொலர் கமெரா விற்கிறார் என்றால் நிதானியுங்கள். பல காலம் சும்மா கிடந்த கணக்கு திடீரென்று விழித்து விலையுயர்ந்த பொருள்களை அடுக்கினால், கணக்கை யாரோ களவெடுத்திருக்கக் கூடும்.

கேள்வி: ஒரு பழைய கடிகாரத்துக்கு நான் விலை கேட்கக் கேட்க ஒரே ஒருவர் மட்டும் மேலே மேலே ஏற்றினார். அது விற்பவரின் ஆளாக இருக்குமோ?
— மிசிசாகா வாசகர்

பதில்: இருக்கலாம். விற்பவரே வேறு பெயரில் வந்தோ, நண்பரை விட்டோ விலை ஏற்றுவதை ஈபே தடை செய்திருக்கிறது. அதற்குப் பெயர்பெற்ற வழக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னிய வழக்கறிஞர் கெனத் வால்ற்றன் ஓர் ஓவியத்தை ஈபேயில் ஏலத்துக்கு விட்டார். ஓவியர் யார் என்று அவர் எழுதவில்லை. ஆனால் மூலையில் இருந்த எழுத்துகள், ரிச்சர்ட் டீபன்கோர்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் கையொப்பத்தை நினைவூட்டின. படத்தின் பெறுமதி தெரியாத ஒரு குடும்பஸ்தர் வீட்டை ஒழுங்குபடுத்துகிறார் என்று நம்பும்படி ஒரு கதையும் எழுதியிருந்தார். விலை 135,805 டொலருக்கு ஏறியது. அவர் தன் பொருளுக்குத் தானே விலை கேட்டிருந்தது தெரியவந்ததும் ஈபே விற்பனையை ரத்துச் செய்தது. அடுத்த ஆண்டு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் இரண்டு பாடம். 'விற்பவருக்கு இதன் அருமை தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது' என்ற எண்ணம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த எண்ணத்தை உங்களுக்குள் வைத்தவரே விற்பவராக இருக்கலாம். இரண்டாவது, உங்கள் உச்ச விலையை ஏலம் சூடாவதற்கு முன் தீர்மானித்துத் தளத்தில் பதிந்துவிடுங்கள். தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே உங்களுக்காக ஏற்றிக் கேட்கும். எதிரே எத்தனை கள்ள ஆள் நின்றாலும் அந்தத் தொகைக்கு மேல் உங்கள் காசு போகாது.

கேள்வி: கடைசி விநாடியில் வந்து விலை கேட்டு என் பொருளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இது மோசடிதானே?
— ஸ்காபரோ வாசகி

பதில்: இல்லை. அது சாமர்த்தியம், விதிக்கு உட்பட்டது. உங்கள் உண்மையான உச்ச விலையை முன்பே பதிந்திருந்தால், கடைசி விநாடியில் வருபவர் அதைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: ஏலத்தில் தோற்ற மறுநாள், 'வென்றவர் விலகிவிட்டார், அதே விலைக்கு உங்களுக்குத் தருகிறேன்' என்று மின்னஞ்சல் வந்தது. அதிர்ஷ்டமா?
— பிக்கரிங் வாசகர்

பதில்: ஈபேயில் இப்படி இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கும் வசதி உண்மையிலேயே உண்டு. அதனால்தான் அதைப் போலி செய்கிறார்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். நீங்களாகவே தளத்துக்குள் நுழைந்து உங்கள் செய்திப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: 'பேபாலில் நண்பர்–குடும்பம் என்ற வழியில் அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்' என்கிறார் விற்பவர்.
— எற்ரோபிக்கோ வாசகர்

பதில்: அவர் உங்கள் நண்பரும் அல்ல, குடும்பமும் அல்ல. அந்த வழியில் போகும் காசுக்குப் பேபாலின் வாங்குவோர் பாதுகாப்புக் கிடையாது. பொருள்–சேவை என்ற வழியில் கட்டினால் 180 நாளுக்குள் முறையிடலாம். சில டொலர் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக முழுத் தொகையையும் திறந்த வெளியில் விடாதீர்கள்.

கேள்வி: கடனட்டை, ஈ-ட்ரான்ஸ்ஃபர், பரிசு அட்டை, கிரிப்ரோ. எது பாதுகாப்பு?
— வோன் வாசகர்

பதில்: தெரியாதவரிடம் தூரத்திலிருந்து வாங்கினால் கடனட்டை. சாமான் வராவிட்டால் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டுக் காசை மீட்க வழி இருக்கிறது. ஈ-ட்ரான்ஸ்ஃபர் எதிராளியின் கணக்கில் விழுந்துவிட்டால் பொதுவாகத் திருப்ப முடியாது. அது தெரிந்தவருக்கும், சாமானைக் கையில் வாங்கிய பிறகும்தான். பரிசு அட்டையின் இலக்கங்களைக் கேட்கும் எவரும் வியாபாரி அல்ல. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கிரிப்ரோவும் போனால் போனதுதான்.

கேள்வி: பழைய தையல் மெஷின் விற்கப் போட்டேன். 'காசு அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று இன்ரராக் பெயரில் ஒரு குறுஞ்செய்தி. இணைப்பை அழுத்தினால் என் வங்கிக் கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. கொடுக்கலாமா?
— மோல்வேர்ன் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள் அக்கா. உங்கள் வங்கியின் பக்கம்போலவே வடிவாகச் செய்த போலிப் பக்கங்கள் ஏராளம். அங்கே கடவுச்சொல்லைத் தட்டியவுடன் அது மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். தையல் மெஷின் வீட்டிலேயே இருக்கும், கணக்கில் காசு இருக்காது.

செய்ய வேண்டியது இது. உங்கள் வங்கியின் செயலிக்குள் நீங்களே போய், வரும் காசு தானாகவே கணக்கில் விழும் ஓட்டோ டெப்பொசிற் வசதியைப் போட்டுவிடுங்கள். அதன் பிறகு காசைப் பெற எந்த இணைப்பையும் அழுத்த வேண்டிய தேவை இல்லை. 'ஏற்றுக்கொள்ள அழுத்துங்கள்' என்று யார் எழுதினாலும் அது பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி: இன்ரராக்கில் காசு அனுப்புவது போலவே காசு கேட்கவும் முடியும். மோசடிக்காரர் உங்களிடம் 300 டொலர் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்புவார். அவசரத்தில் அதை வருகிற காசு என்று நினைத்துச் சம்மதம் கொடுத்தால், போவது உங்கள் காசு. விற்பவர் எதற்கும் சம்மதம் அழுத்த வேண்டியதில்லை. கணக்கில் தொகை ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகு மெஷினைக் கொடுங்கள். அனுப்பியவரின் திரையைக் காட்டினால் போதாது. ஏற்கப்படாத பணத்தை அனுப்பியவர் ரத்துச் செய்யவும் முடியும்.

கேள்வி: 400 டொலருக்குச் சோபா விற்கிறேன். வாங்குபவர் 1,900 டொலருக்கு வங்கி உறுதிசெய்த காசோலை அனுப்பி, மிச்சத்தைச் சாமான் ஏற்ற வரும் ஆளுக்கு ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்யச் சொல்கிறார். வங்கியில் போட்டேன், காசும் கணக்கில் ஏறிவிட்டது. இனிப் பயமில்லையே?
— பிராம்ப்ரன் வாசகர்

பதில்: இனித்தான் கவனம் தேவை. கணக்கில் ஏறியது என்றால், காசோலை உண்மையா என்று பார்த்து முடிவதற்கு முன் வங்கி உங்களை நம்பிக் காசை எடுக்க விட்டிருக்கிறது என்று அர்த்தம். காசோலை போலி என்று தெரிய நாள்கள், சில வேளை வாரங்கள் ஆகலாம். தெரிந்ததும் 1,900 டொலரையும் உங்கள் கணக்கிலிருந்து வங்கி கழித்துவிடும். நீங்கள் அனுப்பிய 1,500 திரும்பாது. சாமான் ஏற்ற வரும் ஆளும் அந்த வாங்குபவரின் ஆள்தான்.

400 டொலர்ச் சோபாவுக்கு 1,900 தருபவர் கணக்குத் தெரியாதவர் அல்ல. காசு அனுப்ப வேண்டாம். உடனே வங்கிக் கிளைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். 'அதிகமாகத் தருகிறேன், மிச்சத்தை அனுப்பு' என்று எந்த வடிவில் வந்தாலும் விற்பனையை அத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: சாமானை வந்து பார்க்காமலே முழு விலையும் தருகிறேன் என்கிறார், பேரமும் பேசவில்லை.
— ஸ்காபரோ வாசகி

பதில்: அவருக்குச் சாமான் தேவையில்லை அம்மா.

கேள்வி: 'நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க ஆறு இலக்க எண் ஒன்று அனுப்புகிறேன், அதைச் சொல்லுங்கள்' என்கிறார் வாங்க வந்தவர்.
— மார்க்கம் வாசகர்

பதில்: அந்த எண் உங்கள் கணக்கொன்றின் சாவி. அவர் உங்கள் கணக்குக்குள் நுழைய முயன்றதால்தான் அது உங்களுக்கு வந்தது. வங்கி என்றாலும் வாட்ஸ்அப் என்றாலும், உங்கள் தொலைபேசிக்கு வரும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வியாபாரம் உலகில் இல்லை.

கேள்வி: இணையத்தில் ஒரு பழைய டொயோட்டா மலிவாக வந்திருக்கிறது. தனி ஆள் விற்பனை. எதைப் பார்க்க வேண்டும்?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: காரைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். தொலைபேசியில் 'அந்தக் காரைப் பற்றி எடுத்தேன்' என்று மட்டும் சொல்லுங்கள். 'எந்தக் கார்?' என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் பல கார் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தனி ஆள்போல் நடித்துக் கார் விற்பவர்களை ஒன்ராறியோவின் வாகன விற்பனையாளர் கண்காணிப்புச் சபையான ஓம்விக் பல காலமாகத் துரத்திக்கொண்டிருக்கிறது. மைல் கணக்கைக் குறைப்பது, விபத்தை மறைப்பது இவர்களின் வழமை. பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கிப் பிழைத்தால் ஓம்விக்கின் இழப்பீட்டு நிதி இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கினால் அந்த நிதி உங்களுக்கு இல்லை.

அடுத்தது காகிதம். ஒன்ராறியோவில் தனி ஆள் கார் விற்கும்போது, பாவித்த வாகனத் தகவல் கோவையைச் சேர்விஸ் ஒன்ராறியோவில் எடுத்து வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். விலை 20 டொலர்தான். இந்த மாகாணத்தில் அந்தக் கார் யார் யார் பெயரில் இருந்தது, அதன்மேல் கட்டாத கடன் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லை, பிறகு தருகிறேன் என்றால் நீங்களும் பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கடைசியாக இலக்கம். களவெடுத்த காருக்கு இன்னொரு காரின் இலக்கத்தைப் பொருத்தி விற்பது இந்தப் பகுதியில் பெரிய தலையிடி. முன் கண்ணாடியடியில் உள்ள 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட வாகன எண், கதவோர ஒட்டியில் உள்ள எண், உரிமைப் பத்திர எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். களவு போனதாகப் பதிவான எண்ணா என்று பொலிஸ் தரவுகளில் இலவசமாகத் தேடிப்பார்க்கப் பொதுமக்களுக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. கார்ஃபக்ஸ் அறிக்கையும் எடுங்கள். அதே எண்ணில் இன்னொரு மாகாணத்தில் ஒரு கார் ஓடுகிறதா என்று அது காட்டிக்கொடுக்கலாம். விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் உரிமைப் பத்திரப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். களவுக் கார் என்று தெரிந்தால் பொலிஸ் காரை எடுத்துப்போகும். காசு தந்தவர் கையில் பழைய திறப்பு மட்டும் மிஞ்சும்.

வரியைக் குறைக்கப் 'பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதுவோம்' என்றால் சம்மதிக்காதீர்கள். 13 வீத வரி, கொடுத்த விலையா வாகனத்தின் மொத்த விற்பனைப் பெறுமதியா எது கூடவோ அதன்மேல்தான். அதோடு, பிழைத்தால் நீங்கள் கேட்கக்கூடிய தொகையும் அந்தப் பற்றுச்சீட்டில் உள்ளதுதான்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் 22 கரட் சங்கிலி, மூன்று பவுண், அவசரமாக விற்கிறார். சந்தை விலையில் பாதி.
— மார்க்கம் வாசகி

பதில்: தங்கத்துக்கு உலகச் சந்தை விலை உண்டு. அவசரக்காரர்கூட ஒரு நகைக்கடைக்குப் போனால் பாதிக்கு மேல் வாங்கலாம். அவர் ஏன் கடைக்குப் போகவில்லை?

கணக்கை நீங்களே போடலாம். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் 24இல் 22 பங்கு, அதாவது 91.6 வீதம் தங்கம். ஆகவே மூன்று பவுணில் சுமார் 22 கிராம் சுத்தத் தங்கம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அதன் பெறுமதி. '916' என்ற முத்திரையை எந்தப் பித்தளையிலும் குத்தலாம். இந்தியாவில் அண்மையில் வாங்கிய நகை என்றால் ஆறு எழுத்து–இலக்க அடையாளக் குறி இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். அப்படியும் திருப்தி வராவிட்டால், விற்பவரோடு நீங்கள் தெரிவுசெய்த நகைக்கடைக்குப் போய்ச் சோதித்து, அங்கேயே காசைக் கொடுங்கள். கடையை அவர் தெரிவுசெய்ய விடாதீர்கள். தடித்த பூச்சு என்றால் கதிர்ச் சோதனை மேற்பரப்பைத்தான் காட்டும். எடை, அடர்த்தி பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். சோதித்த சங்கிலியைக் கண்ணிலிருந்து மறைய விடவும் வேண்டாம். கைமாற்றிப் போலியைத் தருவதும் ஒரு தொழில்.

கேள்வி: ஃபேஸ்புக் நேரலையில் பட்டுச் சேலை ஏலம் விடுகிறார்கள். எடுத்துக் காசு அனுப்பினேன், இரண்டு மாதமாகச் சேலை வரவில்லை.
— ஸ்காபரோ வாசகி

பதில்: வீட்டிலிருந்து சேலை விற்கும் பெண்களில் அநேகர் நேர்மையாக உழைப்பவர்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். வியாபாரமாக இணையத்தில் விற்பவருக்கு ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 50 டொலருக்கு மேற்பட்ட இணைய வியாபாரத்தில், சொன்ன திகதியிலிருந்து 30 நாளுக்குள் பொருள் வந்துசேராவிட்டால் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். விற்றவர் 15 நாளுக்குள் காசைத் திருப்ப வேண்டும். நேரலையில் சொன்ன நிறம், விலை, திகதி எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஒரு சேலையில் தொடங்குங்கள், நேரில் போய் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: பாவித்த ஐபோன் வாங்கும்போது?
— நோர்த் யோர்க் மாணவர்

பதில்: தொலைபேசியில் *#06# என்று தட்டுங்கள், 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். களவு போனதாகக் கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்று கனடாவின் 'டிவைஸ் செக்' தளத்தில் பாருங்கள். பிறகு விற்பவர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து உங்கள் முன்னால் வெளியேற வேண்டும். இரண்டும் முடிந்த பிறகு காசு. இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது விலையுயர்ந்த கண்ணாடித் துண்டு.

கேள்வி: எங்கே சந்திப்பது? வீட்டுக்கு வரச் சொல்லவும் பயம்.
— ஏஜாக்ஸ் வாசகி

பதில்: பகலில், ஆள் நடமாட்டமும் கண்காணிப்புக் கமெராவும் உள்ள இடத்தில். வாங்கல் விற்றலுக்கென்றே டர்ஹம் வட்டாரப் பொலிஸ் தன் நிலையங்களின் வாகனத் தரிப்பிடத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது; உங்கள் பகுதி நிலையத்தில் விசாரியுங்கள். பொலிஸ் நிலையத்தடியில் சந்திப்போம் என்றதும் மறைந்துபோகிறவர் உங்களுக்கு ஒரு நல்லதைச் செய்துவிட்டுத்தான் போகிறார். காசு தாளாக வந்தால் கனடாவின் பொலிமர் தாள்களின் ஒளிபுகும் பகுதியைத் தடவி, சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

கேள்வி: பெரிய இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு முடிந்துவிட்டது. இணையத்தில் ஒருவர் திரைப்பிடிப்பு அனுப்பி விற்கிறார்.
— மிசிசாகா வாசகர்

பதில்: ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பலாம், வாசலில் ஒருவர்தான் உள்ளே போகலாம். 2024 நவம்பரில் ரெய்லர் சுவிப்ற் ரொஜர்ஸ் சென்ரரில் ஆறு இரவு பாடியபோது சீட்டுக்கு முன்கூட்டியே காசு கொடுத்து ஏமாந்தவர்களின் கண்ணீரை இந்த நகரம் பார்த்தது. எங்கள் பாடகர்கள் வரும்போதும் இதே கதைதான். சீட்டு விற்ற நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே பெயர் மாற்றித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: பொலிஸ் ஏலம் என்பது உண்மையா? 'உரிமை கோராத தபால் பொதி மூன்று டொலர்' என்றும் விளம்பரம் வருகிறதே?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: முதலாவது உண்மை. மீட்கப்பட்டு உரியவர் வராத பொருள்களைப் 'பொலிஸ் ஒக்ஷன்ஸ் கனடா' இணையத்தில் ஏலம் விடுகிறது. மத்திய அரசு தன் மிகைப் பொருள்களை 'ஜிசி சேர்ப்ளஸ்' தளத்தில் விற்கிறது. விளம்பரத்தை அழுத்திப் போகாமல், முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். மேலதிகக் கட்டணம், வரி, திருப்பி எடுக்கமாட்டோம் என்ற நிபந்தனை ஆகியவற்றை வாசித்த பிறகு விலை கேளுங்கள். இரண்டாவது, மூன்று டொலருக்கு விரித்த வலை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் அட்டை இலக்கம்.

கேள்வி: நான் நேர்மையாக அனுப்பினேன். வாங்கியவர் 'பெட்டி வெறுமையாக வந்தது' என்கிறார்.
— வோன் வாசகர்

பதில்: ஏமாறுகிறவர் எப்போதும் வாங்குபவர் அல்ல. பொருளின் தொடரிலக்கத்தையும், பெட்டியில் வைத்து ஒட்டுவதையும் ஒரே காணொளியில் எடுத்து வையுங்கள். தபாலகத்தில் எடை போட்ட பற்றுச்சீட்டு முக்கியமான சாட்சி. விலையுயர்ந்த பொருளுக்குப் பொதியைப் பின்தொடரும் இலக்கமும் பெறுபவரின் கையெழுத்தும் கட்டாயம். தளத்தில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். 'முகவரி மாறிவிட்டது' என்று தனியாகச் செய்தி வந்தால் விற்பனையை ரத்துச் செய்து, புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்வதேச மாணவன். இணைய விற்பனை நிறுவனம் ஒன்றின் காசு என் கணக்குக்கு வரும். பத்து வீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே வேலை. சேரலாமா?
— ஸ்காபரோ மாணவர்

பதில்: தம்பி, சேராதே. அந்தக் காசு, இந்தப் பக்கத்தில் மேலே எழுதியிருப்பவர்களைப் போன்ற யாரோ ஒருவருடையது. உன் பெயரில் வாங்கி, உன் கையால் கடத்துகிறார்கள். வழி தேடிப் பொலிஸ் வரும்போது கண்டுபிடிப்பது உன் முகவரியைத்தான். குற்றத்தின் காசு என்று தெரிந்தோ, தெரியாதது போலவோ நகர்த்துவது குற்றவியல் சட்டத்தின் 462.31ஆம் பிரிவின்கீழ் குற்றம். வங்கி உன் கணக்கை மூடும். தீர்ப்பு வந்தால் இந்த நாட்டில் தங்கும் வாய்ப்பே போகலாம். ஏற்கெனவே காசு வந்துவிட்டதா? தொடாதே. இன்றைக்கே வங்கிக்குப் போய் உண்மையைச் சொல். ஒரு மாதச் செலவுக்கு வழியில்லை என்றால் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் கேள், கோவிலில் கேள், சங்கத்தில் கேள். கேட்பது வெட்கம் அல்ல.

கேள்வி: அப்பா இணையத்தில் 3,000 டொலரை இழந்துவிட்டார். 'வெளியில் சொல்லாதே, சனம் சிரிக்கும்' என்கிறார். என்ன செய்வது?
— மகள், மோல்வேர்ன்

பதில்: முதல் வேலை வங்கி. அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு இப்போதே எடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சில வேளை காசை மறிக்கலாம். கடவுச்சொற்களை மாற்றுங்கள். சமூகக் காப்புறுதி எண் போன்ற விபரம் போயிருந்தால் ஈக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் எச்சரிக்கைக் குறிப்புப் போடுங்கள். ரொறன்ரோ பொலிஸின் அவசரமற்ற இலக்கம் 416-808-2222. பிறகு கனடிய மோசடித் தடுப்பு மையம்: 1-888-495-8501. செய்திகளை அழிக்காதீர்கள், எல்லாம் சாட்சி.

அந்த மையத்தை 1993இல் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் நோர்த் பேயில் தொடங்கியது. கனடா முழுவதிலுமிருந்து 2022இல் அதற்கு முறையிட்ட இழப்பு மட்டும் 530 மில்லியன் டொலர். ஆனால் ஏமாந்தவர்களில் ஐந்து முதல் பத்து வீதத்தினர்தான் முறையிடுகிறார்கள் என்று மையமே மதிப்பிடுகிறது. மிச்சப் பேர் உங்கள் அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டவர்கள். அந்த மௌனம் மோசடிக்காரரின் முதலீடு. ஒரே தொலைபேசி எண்ணைப் பற்றிப் பத்துப் பேர் முறையிட்டால்தான் விசாரிப்பவருக்கு ஒரு வலை தெரியும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் தன் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறார். அவரைப் பேசாதீர்கள், பேசவிடுங்கள். இது முழுநேரமாக ஆள்களைப் பேய்க்காட்டிப் பழகியவர்களின் வேலை. படித்தவரும் வங்கியில் வேலை செய்பவரும் அகப்படுகிறார்கள்.

இன்னொரு ஆபத்து வரும். சில வாரத்தில் ஒருவர் எடுத்து, 'உங்கள் காசைக் கண்டுபிடித்துவிட்டோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலையும் இவர்கள் விற்று வாங்குகிறார்கள். முன்கூட்டிக் கட்டணம் கேட்டுக் காசை மீட்டுத் தருகிறேன் என்பவர் இரண்டாவது கள்வர்.

கேள்வி: ஏமாற்றியவர் இந்த நகரத்தில் இருக்கிறார், பெயரும் முகவரியும் தெரியும். சட்டம் உதவுமா?
— எற்ரோபிக்கோ வாசகர்

பதில்: உதவும். 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்குக் குற்றவியல் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை. காசைத் திருப்பி எடுக்க ஒன்ராறியோவின் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். அதன் எல்லை 2025 ஒக்டோபரில் 35,000இலிருந்து 50,000 டொலராக உயர்ந்தது. நேரில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். உங்கள் நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: இவ்வளவையும் வாசித்த பிறகு, இணையத்தில் வாங்காமல் விற்காமல் இருப்பதே புத்தி என்று தோன்றுகிறது.
— ஸ்காபரோ வாசகி

பதில்: அப்படி விலகாதீர்கள். இந்த நகரத்துக்கு வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களின் முதல் கட்டிலும், முதல் மேசையும், பிள்ளையின் முதல் குளிர்கால அங்கியும் இன்னொருவர் வீட்டிலிருந்து குறைந்த விலைக்கு வந்தவை. அந்தச் சந்தை நேர்மையானவர்களால் நடக்கிறது. நாங்கள் பயந்து விலகினால் நட்டம் மோசடிக்காரருக்கு இல்லை, நாளை வரப்போகும் குடும்பத்துக்கு. விற்கும்போது கீறலையும் படமெடுத்துப் போடுங்கள். வாங்கும்போது, பிழைத்தால் திருப்பிக் கேட்கக்கூடிய வழியால் காசைக் கொடுங்கள். உங்கள் மேசையை வாங்க வருபவர் ஆயிரம் கேள்வி கேட்டால் கோபிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள். அவர் உங்களை அவமதிக்கவில்லை. நீங்களும் இனிக் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்கிறார்.